அரிசிக்கணக்கு

தன் பாவாடையை இரண்டாவது முறையாகப் பிடித்துத் தைத்த அன்றுதான் யோன்சிம்முக்குள் பயம் வந்து உட்கார்ந்தது.

தென் கொரியாவின் சுன்சோன் நகரில், சந்தைக்குப் பின்னால் துணி திருத்தும் கடை அவளுடையது. யாருடைய இடுப்பு ஏறுகிறது, யாருடையது இறங்குகிறது என்பது இருபத்தாறு வருஷமாக அவள் விரல்களுக்குத்தான் முதலில் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவர் தோக்சூவின் கால்சட்டைகளை ஒரே வசந்தத்தில் மூன்று தடவை பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். வயசானால் இப்படித்தான் வற்றும் என்று அவர் சிரித்தார். நான்காவது தடவை பிடிக்க வேண்டி வரவில்லை. வயிற்றில் புற்று என்று தெரிந்து ஏழே வாரம்.

இப்போது மெலிய வேண்டும் என்று கிளம்பியவள் அவளேதான். அதுதான் குழப்பமே. பொதுச் சுகாதார நிலையத்தில் ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, சர்க்கரையும் வாசலில் நிற்கிறது என்றார்கள். பேக் என்ற உணவு ஆலோசகப் பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஆயிரத்தைந்நூறு கலோரி. அதற்கு மேலும் வேண்டாம், கீழேயும் வேண்டாம். மாதம் இரண்டு கிலோ குறைந்தால் போதும். அவசரப்பட்டுப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் கரையும், பித்தப்பையில் கல்கூட வரலாம் என்று எச்சரித்தாள்.

யோன்சிம் அளவு தவறாதவள். ஒரு நூல் அகலம் பிசகினாலும் பிரித்துத் தைக்கிற கை. சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினாள், கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். எந்தெந்தப் பொட்டலத்தின் பின்னால் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, நிறுத்து, பெருக்கி, எழுதினாள். ஒருநாள்கூட ஆயிரத்தைந்நூறுக்கு இப்படியோ அப்படியோ இருபதுக்கு மேல் பிசகவில்லை.

எட்டு வாரத்தில் ஒன்பது கிலோ போயிற்று.

வாடிக்கைப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். அவளோ சீப்பில் சுருண்டு வரும் முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதத்திலும் விரல் நுனி சில்லென்றிருந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சொன்ன அளவுக்குச் சாப்பிட்டும் உடம்பு கரைகிறது என்றால், உள்ளே வேறு ஏதோ தின்கிறது. அவளுக்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை. ஒரு மாதத்தில் வந்து எடை பார்க்கச் சொல்லியிருந்தாள் பேக். அவள் போகவில்லை. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு, அவள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அரசு அனுப்பும் கடிதத்தை நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டாள். தெரியாத வரை அது இல்லை. அவ்வளவுதான் அவள் பிடித்துக்கொண்டிருந்தது.

தோக்சூவின் மூன்றாம் வருஷத் திதி வந்தது. அவர் தங்கை பில்ரே குவாங்ஜுவிலிருந்து பேரிக்காயும் உலர்ந்த மீனுமாக வந்து இறங்கினாள். வாசலிலேயே அண்ணியை ஏற இறங்கப் பார்த்தவள், கொண்டுவந்ததை நேரே சமையலறைக்குத் தூக்கிப் போனாள். படத்துக்கு முன்னால் பித்தளைக் கிண்ணத்தில் சோற்றைக் குவித்து, மேலே மழமழவென்று தடவி, அவர் எடுத்துச் சாப்பிட என்று கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி வைத்தாள் யோன்சிம். கும்பிட்டு எழுந்தார்கள். பிறகு, வழக்கப்படி, படைத்ததை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

யோன்சிம் தராசைக் கொண்டுவந்தாள்.

படையல் சோற்றில் நான்கு கரண்டி எடுத்து நிறுத்தாள். தொண்ணூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே போயிற்று. கிள்ளித் திரும்பவும் கிண்ணத்தில் போட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த பில்ரேயின் வாய் திறந்துகொண்டது.

"செத்துப்போன எங்க அண்ணனுக்குக் கோபுரமா ஒரு கிண்ணம். உசுரோட இருக்கிற உங்களுக்குக் குருவிக்கு வெக்கிற சோறு. ரெண்டு பேர்ல யாரு செத்ததுன்னு எனக்கே சந்தேகமா இருக்கு அண்ணி."

"கணக்குப்படிதான்டி சாப்பிடுறேன்."

"உங்க கணக்கத் தூக்கி அடுப்புல போடுங்க. கண்ணாடியில பாத்தீங்களா, இல்ல அதையும் தராசுல வெச்சுத்தான் பாப்பீங்களா?"

யோன்சிம் கோபத்தோடு நோட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். எட்டு வாரமும் அதில் இருந்தது. பில்ரேவுக்குக் கணக்கு புரியவில்லை. ஆனால் அதைப் போட்ட அண்ணியின் மணிக்கட்டில் எலும்பு துருத்தியது தெரிந்தது. மறுநாள் காலை முதல் பேருந்துக்குப் போக வேண்டியவள் போகாமல், நோட்டை ஒரு கையிலும் அண்ணியை மறு கையிலுமாகப் பிடித்து இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

பேக் எடை பார்த்தாள். முகம் மாறியதை மறைக்கத் தெரியாத வயது அவளுக்கு. நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே விரல் நின்றது. இரண்டாம் பக்கம் புரட்டினாள், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"அம்மா, சோறு தொண்ணூறு கிராமுக்கு முன்னூத்தி இருபத்தி நாலுன்னு போட்டிருக்கீங்களே, இது எங்கேருந்து வந்துச்சு?"

"மூட்டையில போட்டிருக்கு. நூறு கிராமுக்கு முன்னூத்தி அறுபது."

"எந்த மூட்டையில?"

"அரிசி மூட்டையில."

சொல்லி முடித்த பிறகும் யோன்சிம்முக்கு உறைக்கவில்லை. பேக் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாக, "அது அரிசிக்கு அம்மா. நீங்க நிறுத்தது சோத்த" என்றாள்.

அரிசி தண்ணீர் குடித்துச் சோறாகும்போது எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. தண்ணீரில் கலோரி ஏது. தொண்ணூறு கிராம் சோற்றில் நூற்று முப்பத்தைந்துதான். அவித்த கறுப்பு பீன்ஸையும் காய்ந்த பயறின் கலோரியை வைத்தே எழுதியிருந்தாள். பேக் ஒரு நாளை எடுத்துத் திருத்தி எழுதிக் காட்டினாள். ஆயிரத்தைந்நூறு என்று நினைத்தது எண்ணூற்றிருபது. இரண்டு மாதமாகப் பாதி வயிற்றுக்குத்தான் சாப்பிட்டிருக்கிறாள். முடி கொட்டாமல், கை சில்லிடாமல், தலை சுற்றாமல் வேறென்ன செய்யும்.

"அறுபது வருஷமா அரிசி வேற சோறு வேறன்னு தெரியாமயா அண்ணி பொங்கித் தின்னீங்க" என்றாள் பில்ரே. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

யோன்சிம் வெட்கப்பட்டாள். வெட்கத்துக்கு அடியில் வேறு ஏதோ தளர்ந்தது. அதை உடனே நம்பவும் பயமாக இருந்தது. ஆகவே கேட்டுவிட்டாள், கடிதம் வந்தது முதல் கேட்காமல் வைத்திருந்ததை.

"அப்ப, வயித்துக்குள்ள ஒண்ணும் இல்லையா?"

பேக் தலையாட்டிச் சமாதானம் சொல்லவில்லை. எடை குறைந்ததற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம், ஆனால் உள்ளே பார்க்காமல் தன்னால் சொல்ல முடியாது என்றாள். இரத்தப் பரிசோதனைக்கும் குழாய்ப் பரிசோதனைக்கும் அன்றே எழுதிக் கொடுத்தாள். சாப்பாட்டை ஒரேயடியாக அள்ளிப் போடாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றச் சொன்னாள். தினமும் முட்டையோ மீனோ சோயா பாலில் செய்த டோஃபுவோ கட்டாயம் என்றாள். அதன் பிறகும் மெலிய வேண்டியதில் இன்னும் இரண்டு கிலோ பாக்கி இருக்கிறது, அதைச் சாப்பிட்டுக்கொண்டே குறைக்கலாம் என்று சிரித்தாள்.

ஐந்தாம் நாள் பரிசோதனை. பில்ரே அதுவரை குவாங்ஜு திரும்பவில்லை. மருத்துவர் திரையைக் காட்டி, இரைப்பையில் லேசான அழற்சி, நம் ஊரில் பாதிப் பேருக்கு இருப்பது, வேறு ஒன்றும் இல்லை, அடுத்ததாக இரண்டு வருஷம் கழித்து வாருங்கள் என்றார். அவருக்கு அது ஒரு வாக்கியம். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தெருவில் வெயில் பளிச்சென்று இருந்தது. எதிரே கஞ்சிக் கடை. இன்று மென்மையான உணவுதான் என்று சொல்லியிருந்ததால் இரண்டு பூசணிக் கஞ்சி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"உங்க அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும்னு நெனச்சேன்" என்றாள் யோன்சிம். "ரெண்டு மாசமா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வாசல்ல உங்களப் பாத்ததும் நானும் அதையேதான் நெனச்சேன்." பில்ரே மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள். "கேக்க வாய் வரல. அதான் தராசத் திட்டினேன்."

கஞ்சி வந்தது. தோக்சூவுக்கு இந்தக் கடைக் கஞ்சி பிடிக்காது, தித்திப்பு அதிகம் என்பார். அவர் இருந்திருந்தால் இந்த அரிசிக்கணக்கைச் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். அந்த நினைப்பு வலித்தது. ஆனால் அது அவருக்கான வலி மட்டுமாக இருந்தது. தனக்கான பயம் அதில் கலந்திருக்கவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அவருக்காக மட்டும் அழுதாள், சத்தமில்லாமல், கரண்டி பிடித்தபடி.

கிண்ணம் காலியாயிற்று. இன்னும் பசித்தது. பரிமாறும் பெண்ணை யோன்சிம் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"இன்னும் அரைக் கிண்ணம் கொடும்மா. சூடா."