டீக்கடைக்குப் போகும் வழி

குடியிருப்பின் பின்சுவரில் இருந்த சின்ன கேட்டை வெல்டிங் வைத்து அடைத்தபோது அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடைத்தவன் வேறு யாருமில்லை, குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவளுடைய சொந்தக் கொழுந்தன்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவள் நடக்க வழி கேட்டுச் சண்டை போடுகிறாளே என்று குடியிருப்பே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்த அவள் கணவர் அந்த கேட் வழியாகத்தான் தினமும் டீக்கடைக்குப் போய்வந்தார். நடங்கள் என்றால் அந்த மனிதர் நடக்க மாட்டார். டீ குடிக்கப் போங்கள் என்றால் போவார். மெயின் ரோட்டைச் சுற்றிப்போக அலுத்துக்கொண்டு, கேட்டை மூடியதிலிருந்து சோபாவே கதியென்று கிடந்தார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"அதான் கீழ ஜிம் கட்டியிருக்கோமே, அண்ணி" என்றான் கொழுந்தன். அந்த ஜிம்முக்கு அவனே அடுத்த பிளாக்கிலிருந்து காரில்தான் வருவான். சங்கக் கூட்டத்தில் அவள் தொண்டை வறளப் பேசினாள். பாதுகாப்பு, பாதுகாப்பு என்றே சொல்லி அவள் வாயை அடைத்தார்கள்.

மறுநாள் காலை, எல்லோரும் வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, பயிற்சிக் காரைப் பெரிய கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினாள். சாவியை உருவிக்கொண்டு இறங்கி நின்றாள். பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன.

"அண்ணி, வண்டிய எடுங்க!"

"சின்ன கேட்டைத் திறங்க, எடுக்கறேன்."

"திருடன் வந்தா யாரு பொறுப்பு?"

"உங்க அண்ணன் போய்ச் சேர்ந்தா யாரு பொறுப்பு? மொதல்ல அதச் சொல்லுங்க."

குரல் உடைந்துவிட்டது. ஆனால் அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

கொழுந்தன் போனை எடுத்தான். "அண்ணே, கீழ வந்து அண்ணிய அடக்குங்க. மானம் போகுது."

கணவர் லிஃப்டில் இறங்கி, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார். தம்பியை எதிர்த்து ஒருநாளும் வாய் திறக்காதவர். அவளுடைய சிவந்த கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவிக்குக் கையை நீட்டினார்.

இத்தனை பேர் முன்னால் இவருமா? கசப்போடு கொடுத்தாள்.

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "டீ குடிச்சிட்டு வரேன்" என்றவர், காரைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினார்.

"அண்ணே! சாவி! இப்படிச் சுத்திப் போனா எப்போ வருவீங்க?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பின்னாடி கேட்டைத் திறந்து வை. சீக்கிரம் வந்துடுவேன்."