எல்லாமே வெள்ளை வாளி

"வெயில் மயக்கம்தான் டாக்டர். காலையில சாப்பிடாம வந்திருப்பான்" என்றார் சூப்பர்வைசர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தவனைக் காட்டி.

அக்காவுக்கு உச்சி வரை சுட்டது. முலாம் பூசும் பட்டறையில் அவள் பாலிஷ் போடுபவள், தம்பி தொட்டி வேலை. காலையில் இரண்டு பேரும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டார்கள்.

"பொய் டாக்டரம்மா! அவன் நிக்கிறது சயனைடு தொட்டிகிட்ட. பக்கத்துலயே ஆசிட்டு. ரெண்டும் கலந்தா விஷக்காத்து!"

"கம்பெனி மானத்தை வாங்காதம்மா."

"என் தம்பி மூச்சை விட உங்க மானம் பெருசா? வாயை மூடுங்க சார்!"

டாக்டர் தம்பியின் கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை வெளிச்சத்தில் பிடித்தார். உடம்பைச் சுற்றித் திரும்பும் ரத்தம் கருத்திருக்க வேண்டும். பிராணவாயுவை வழியெல்லாம் இறக்கிவிட்ட அடையாளம் அது. இதுவோ பளீரென்று சிவந்திருந்தது, சரக்கை இறக்காமலே திரும்பிய வண்டி போல. பிராணவாயு வாசல் வரை வந்தும், உடம்பின் செல்களால் அதை வாங்க முடியவில்லை. சயனைடு அவற்றின் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

"நீங்க சொல்றதுதான் சரி" என்றார் அக்காவிடம்.

மருந்து நரம்பில் ஏறியது. பி12 வைட்டமினுக்கு நெருங்கிய சொந்தம் அது. சயனைடைக் கண்ட இடத்தில் கட்டிப்பிடித்துச் சிறுநீரோடு வெளியே இழுத்துப் போய்விடும். தம்பி தக்காளியாய்ச் சிவந்தான்.

"ஐயோ, என்னம்மா இது?"

"மருந்தோட நிறம்தான். கொஞ்ச நாள்ல போயிடும்."

பிறகு அவனை அழுத்த அறைக்குள் படுக்க வைத்தார்கள். வட்டக் கண்ணாடி வைத்த இரும்புக் கூடு. உள்ளே அழுத்தம் ஏற ஏற, சோடாவில் வாயு கரைவதுபோல் பிராணவாயு ரத்தத்தின் நீரிலேயே கரையும். மருந்துக்கு அது கூடுதல் துணை.

ஒரு மணி நேரம் கழித்துச் சுவரிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"அக்கா..."

"சொல்லுடா ராசா!"

"கழுவுற தண்ணின்னு நினைச்சுத் தொட்டியில ஊத்திட்டேன்... ஆசிட்டு. எல்லாமே வெள்ளை வாளி."

அக்கா சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். போன வாரம் வரை ஆசிட்டுக்குச் சிவப்பு வாளி. பார்வையாளர்கள் வருகிறார்கள், ஒரே மாதிரி இருந்தால் லட்சணம் என்று அத்தனையையும் மாற்றியவர் அவர்தான்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "காரணம்னு என்ன எழுத?"

"வெயில்னு சொல்லுங்க சார்" என்றாள் அக்கா. "இப்ப சொல்லுங்களேன், பார்ப்போம்! அங்க இன்னும் பத்துப் பேர் அதே வாளியைத் தூக்கிட்டு நிக்கிறாங்க."

சூப்பர்வைசர் பட்டறைக்குப் போன் போட்டார். "தொட்டிகிட்ட யாரும் போகாதீங்க" என்றார்.

"சத்தமா!" என்றாள் அக்கா.