அம்மையாருக்குக் கொடுத்த முகம்

மூத்தவள் பீரோவின் கடைசி இழுப்பறையையும் தரையில் கவிழ்த்தாள். அதிலும் அம்மாவின் படம் இல்லை. விடியற்காலையில் மூச்சு நின்றுபோன அம்மா கூடத்துக் கட்டிலில் கிடந்தாள். தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆல்பங்களில் எல்லாரும் இருந்தார்கள். மூத்தவளின் கல்யாணத்தில் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் போன சித்தப்பாகூடப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் கறுப்புதான் வந்தது.

"விடுக்கா. அதான் அப்பா ஏற்பாடு பண்ணிட்டாரே," என்றான் தம்பி.

"என்ன ஏற்பாடு?"

அவன் வாசலைப் பார்த்தான்.

அப்பா ஓய்வுபெறும்வரை ரூபாய் நோட்டு அச்சடிக்கும் இடத்தில் தகட்டில் முகம் செதுக்கியவர். நாட்டின் தலைவர்கள் அவர் கையால்தான் மூக்கும் முழியுமாக நோட்டுக்கு வந்தார்கள். பெண்களுக்கு முதல் பள்ளியைத் திறந்த அம்மையாரை நோட்டில் போட முடிவானபோது, அவருடைய படம் எங்குமே கிடைக்கவில்லை. அப்பா வீட்டில் இருந்த முகத்தை எடுத்துக்கொண்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை.

நோட்டு வெளிவந்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. வெளியே தெரிந்தால் அவர் வேலை போகும். அதனால் அம்மாவின் வேலை போனது. ஒன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அடையாளம் கண்டுவிடுவார்களாம். பழைய படங்களை அப்பா கிழித்துப் போட்டார். அதற்குப் பிறகு யார் கேமராவை எடுத்தாலும் அப்பா கையைக் குறுக்கே நீட்டுவார், அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். படிப்பைக் கொடுத்தவருக்கு மரியாதை செய்யப்போய் ஒரு டீச்சரை வீட்டுக்குள் அடைத்தார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

வாசலில் வண்டி நின்றது. படக்கடை ஆட்கள் இருவர் ஆள் உயரப் படத்தை இறக்கினார்கள். நோட்டில் இருக்கும் அதே அம்மையார், மூக்குக்கண்ணாடியும் கழுத்துவரை மூடிய சட்டையுமாக. பின்னால் அப்பா நிமிர்ந்து நடந்து வந்தார்.

"இனிமே எனக்கு யாருகிட்ட என்ன பயம்? இத்தனை வருஷமா உங்க எல்லார் பையிலயும் இருந்தது என் பொண்டாட்டிதான்," என்றார்.

அவ்வளவுதான், துக்கத்துக்கு வந்திருந்தவர்களின் பைகளெல்லாம் திறந்தன. மாமா கட்டிலருகே குனிந்து அம்மாவின் கன்னத்தோடு ஒரு நோட்டைச் சேர்த்துப் பிடித்தார்.

"மூக்கு அச்சு அசலா இருக்குப்பா!"

"எதிர் வீட்டுலயே இருந்தும் தெரியாமப் போச்சே," என்றாள் எதிர்ச்சாரிப் பெண். "கொடுத்து வச்ச மகராசி."

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நோட்டை உள்ள வைங்க மாமா! செத்துக் கிடக்கிறவகிட்ட வந்து சரிபார்க்குறீங்களே, வெட்கமா இல்ல?"

மாமா நோட்டை மடித்தார். அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"இந்தப் படத்தைத் திருப்பி அனுப்புங்க."

"அவளுக்கு நான் பண்ற மரியாதைம்மா. நாடே அவளைக் கும்பிடுது."

"நாடு கும்பிடுறது அந்த அம்மையாரை. எங்கம்மாவுக்குப் புருவத்துல தழும்பு இருக்கே, அது எங்க இதுல?"

"பெரிய மனுஷி முகத்துல தழும்பு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அப்போ எங்கம்மா சின்ன மனுஷியா?"

அப்பா படத்தின் சட்டத்தைத் துண்டால் துடைத்தார்.

"ஸ்கூலுக்குப் போகாதன்னு சொன்னப்போ அம்மா என்ன சொன்னாங்க? அதையாவது சொல்லுங்கப்பா."

"ஒண்ணும் சொல்லல," என்றார் அவர், குரல் இறங்கி. "மறுநாள் போய் சாக்பீஸ் டப்பாவைக் கொடுத்துட்டு வந்து சமைச்சா."

மூத்தவள் போனை எடுத்தாள். அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியை ஒதுக்கினாள். அவள் விரல் திரையில் படும் நேரத்தில் அப்பாவின் கை குறுக்கே வந்தது. வேண்டுமென்றே வந்ததல்ல, பழக்கத்தில் வந்தது. அதற்குள் போனில் படம் பதிந்துவிட்டது. அப்பா தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு மெல்ல இறக்கிக்கொண்டார்.

அவள் இன்னொரு படம் எடுக்கவில்லை. வாசலில் நின்ற கடைக்காரரிடம் போனை நீட்டினாள்.

"இதைப் பெருசா போட்டுக் கொண்டாங்க. அந்த அம்மையார் படத்தை எடுத்துட்டுப் போங்க."

அவர் திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதி முகத்தை யாரோட கையோ மறைக்குதே. கையை அழிச்சுத் தரட்டுமாம்மா?"

கூடத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவும்தான்.

"வேண்டாங்க," என்றாள் அவள். "கை இருக்கட்டும்."