பம்பின் மேல் ஈரத்துணி

எங்கள் காருக்கு ஒரு நோய் இருந்தது. காலையில் சாவியைத் திருப்பிய உடனே எடுக்கும். ஓடிச் சூடான பிறகு எங்காவது அணைத்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு எடுக்காது. இருபது வருடம் தாண்டிய டீசல் கார். துறைமுகத்தில் சரக்கைக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க்காக இருக்கும் அப்பா அதை மூன்றாவது கையாக வாங்கியிருந்தார்.

வைத்தியம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பானெட்டைத் திறந்து, டீசல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் எடுத்துவிடும். அதற்கென்றே அம்மா ஒரு பழைய துண்டை டிக்கியில் வைத்திருந்தாள். "காய்ச்சக்காரனுக்கு நெத்தியில துணி போடுத மாதிரில்லா இருக்கு" என்பாள்.

நான் வேதியியல் படித்தவள். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். தேய்ந்த பம்புக்குள் அது இடுக்கு வழியே கசிந்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் மெதுவாகத்தான் சுற்றும் என்பதால் அழுத்தம் ஏறாது. பம்பைக் குளிரவைத்தால் டீசல் கெட்டியாகும், அழுத்தம் ஏறும். இவ்வளவுதான்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி அந்தத் துணி வேலை செய்யவில்லை.

அன்று எனக்குத் திருவனந்தபுரத்தில் நேர்முகத் தேர்வு. ஆராய்ச்சிக் கப்பலில் போய்க் கடல்நீர் மாதிரி எடுத்துச் சோதிக்கும் வேலை. ஒரு பயணம் நாற்பது நாள். அம்மா தயங்கினாள். "போகட்டும் ஜெயஷீலா. நானே கொண்டுபோய் விடுதேன்" என்று அப்பாதான் அவளிடம் சொன்னார். கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்கத் தெரியாதவள் நான். எனக்காக அப்பா பேசியது போதுமாக இருந்தது.

முத்தையாபுரத்திலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம் என்று அப்பா நிறுத்தினார். இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அணைத்துவிட்டார்.

காப்பி குடித்துவிட்டு எனக்கு முன்னால் போய் ஏறிய அப்பா, நான் வந்ததும் வண்டி எடுக்கவில்லை என்றார்.

"ஜெமி, கடையில ரெண்டு பாட்டில் தண்ணி வாங்கிட்டு வா" என்றார். நான் வருவதற்குள் பானெட்டைத் திறந்து துணியைப் போட்டிருந்தார். தண்ணீர் ஊற்றினோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். ஏழேகாலுக்கு நாகர்கோவில் பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"அதுல போயிரட்டாப்பா?"

"பஸ் ஊரெல்லாம் சுத்தும்ளா. இந்தா இப்ப எடுத்துரும்."

மூன்று முறை துணியை நனைத்தோம். பத்து மணிக்கு மேல் தண்ணீர் வாங்க அப்பா மறுபடி என்னைக் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது வண்டி எடுத்துவிட்டது. இனிப் போய்ச் சேர முடியாது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தோளைத் தொட்டு, "பரவாயில்லப்பா, வண்டிதான சதி பண்ணிட்டு, நீங்க என்ன செய்வீங்க?" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன்.

வர முடியாமல் போன காரணத்தை எழுதி அனுப்பினேன். ஜூலை நான்காம் தேதி வரச் சொல்லிப் பதில் வந்தது. இதுவே கடைசி வாய்ப்பு என்றும் இருந்தது. அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இந்தத் தடவயும் நானே விடுதேன்" என்றார்.

அதற்கு முன் வண்டியைச் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். துணி ஏன் தோற்றது என்பதுதான் என் கேள்வி. அப்பா வேலைக்குப் போனபின் காரைத் துறைமுகச் சாலையில் ஓட்டினேன். சூட்டுமுள் நடுவுக்கு வந்ததும் திருப்பி வந்து வாசலில் அணைத்தேன். பத்து நிமிடம் காத்திருந்து சாவியைத் திருப்பினேன். உடனே எடுத்தது. அரைமணி நேரம் விட்டுப் பார்த்தேன். எடுத்தது. மூன்று நாள் அப்படிச் செய்தேன். ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை. துணியைத் தொடவே இல்லை.

சோதனையில் எங்கோ என் தவறு இருக்கிறது என்று நினைத்து மெக்கானிக் மாசானம் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு லோடு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். கால்களைப் பார்த்துத்தான் பேசினேன்.

"சூட்ல எடுக்கலியா? எப்ப?"

"பன்னெண்டாம் தேதி அண்ணாச்சி. துணி போட்டும் எடுக்கல."

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். "துணி போட்டியளா? நல்ல பம்ப எதுக்கும்மா குளிப்பாட்டுதிய? சளி பிடிச்சிரும்லா."

"நல்ல பம்பா?"

"மே மாசக் கடைசில பம்புல தேஞ்ச ஹெட்ட மாத்தியாச்சே. திருநெல்வேலிக்கு அனுப்பிச் செஞ்சிட்டு வந்தேன். பழசக்கூட உங்கப்பா கையில குடுத்தனே. சொல்லலியா?"

சொல்லவில்லை.

"அன்னைக்குச் செல்ஃப் அடிச்சப்ப பொக வந்துதா?" என்று கேட்டார்.

யோசித்தேன். நான் வண்டிக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். "இல்ல. முன்னாலல்லாம் லேசா வெள்ளையா வரும். அன்னைக்கு ஒண்ணுமே வரல."

"சாவியப் போட்டதும் பம்புல டக்குனு ஒரு சத்தம் கேக்கும். கேட்டியளா?"

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அன்று பானெட் திறந்தே இருந்தது. கேட்கவில்லை.

"அப்ப டீசலே போகல" என்றபடி அவர் பானெட்டைத் திறந்தார். பம்பின் தலையில் கட்டைவிரல் அளவு ஒரு உருளை. அதன் நுனியில் ஒற்றை வயர். "இது சொலினாய்டு. இந்த வண்டி ஓட இந்த ஒரு வயர் போதும். இதுல கரண்டு வந்தாத்தான் டீசல் வழி தொறக்கும். இதக் கழத்திட்டா நாள் பூரா செல்ஃப் அடிச்சாலும் எடுக்காது."

"அதுவாக் கழண்டிருக்குமா?"

"எங்கன கழளும்? நான்லா ரெண்டு நட்டுப் போட்டு இறுக்கிருக்கேன்." குனிந்து பார்த்தார். "மேல ஒரு நட்டுதான இருக்கு. ஸ்பேனர் போட்டிருக்காங்க. யாரு..."

நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். பழைய பனியன் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"ஆட்டத்துல கழண்டிருக்கும்மா. ரோடு அப்படில்லா கெடக்கு" என்றார்.

துணி போடும் இடம் அதுதான். துணியைப் போட்டால் வயர் தெரியாது. அப்பா என்னை இரண்டு முறை தண்ணீர் வாங்க அனுப்பினார். ஒரு முறை கழற்ற. ஒரு முறை மாட்ட.

சாயங்காலம் அப்பா வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் அருகில் போய் நின்றேன். கேள்வியை வழியெல்லாம் தயார் செய்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"மாசானம் அண்ணாச்சியப் பாத்தேன்."

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் வாளி நிறைந்து வழிந்தது.

"வேண்டாம்னு சொல்லிருக்கலாமேப்பா. நான் போயிருக்க மாட்டேனே."

"அதான்" என்றார். "சொன்னா நீ போகமாட்ட. காலம் பூரா எங்கப்பாதான் கெடுத்தாருன்னு நெனைப்ப. கப்பல்ல உள்ளவன் கரையேறி பொம்பளையளப் பத்தி என்ன பேசுவான்னு முப்பது வருசமாக் கேக்கேன் ஏளா. அதுக்குள்ள உன்ன அனுப்ப மனசு வரல. வண்டி மேல பழி போயிட்டா உனக்கு என் மேல கோவம் வராதுல்லா."

"நான் உங்கள சமாதானப்படுத்தினேன்."

அவர் குனிந்து குழாயை மூடினார்.

"தோளத் தொட்டுச் சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"அழுததெல்லாம் நெசம்தாம்ளா" என்றார் மெதுவாக.

அது உண்மையாக இருக்கலாம். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய்யாக அழுதிருந்தால் கோபப்பட்டுவிட்டு விட்டிருப்பேன்.

ஜூலை மூன்றாம் தேதி வியாழக்கிழமை இரவு, பஸ்ஸில் போகிறேன் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னேன். வெள்ளி விடிகாலையில் பையோடு வெளியே வந்தபோது அப்பா காரைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கயும் அணைக்க மாட்டேன். நீயே பாத்துக்கிட்டு வா" என்றார். "என்ன நம்பமாட்டியா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "வண்டிய நம்புதேம்ப்பா" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

திருவனந்தபுரத்தில் நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று அதில் ஒரு கட்டம். பள்ளிக்கூடத்திலிருந்து இப்படிப்பட்ட கட்டங்களில் யோசிக்காமல் அப்பாவின் பெயரை எழுதி வந்திருக்கிறேன். பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்தேன், எடுத்தேன். பிறகு அம்மாவின் பெயரை எழுதினேன். அவளுடைய எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை. செல்லை எடுத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது.