சாட்சிகள் என்ற கட்டம்

வெள்ளை வாகனம் போய்க்கொண்டே இருக்கிறது, ஒரு தரப்பின் தடைமரத்துக்கும் எதிரே தெரிகிற மறு தரப்பின் தடைமரத்துக்கும் இடையில் அறுநூறு மீற்றர்தான், இருந்தும் நிரஞ்சலா கண்ணை மூடினால் அந்தத் தெரு முடிவதேயில்லை, இரண்டு ஓரமும் மஞ்சள் நாடா, நாடாவுக்கு அப்பால் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள், அதற்கும் அப்பால் புளியமரங்கள், கண்ணிவெடிக்குப் பயந்து எவரும் கிட்டப் போகாததால் பழம் உதிர்ந்து உதிர்ந்து அடிமண்ணே கறுத்துக் கிடக்கிறது, முன் இருக்கையில் ஆர்னே, போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கப் பனிதேசம் ஒன்றிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், கழுத்தெல்லாம் வெயிலில் வெந்து சிவந்திருக்கிறது, பின் இருக்கையில் அவருடைய மொழிபெயர்ப்பாளராக அவள், இருபத்தாறு வயது, மடியில் ஒரு பழுப்பு உறை, உறைக்குள் ஒரு மனிதனின் பெயர், இல்லை, இருபத்தாறு எங்கே, நாற்பத்தெட்டு, இது பஸ், பட்டப்பகலில் சன்னலோரம் தலை சாய்த்து அயர்ந்துபோயிருக்கிறாள், முதிரையடிச் சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இப்போது தடைமரமும் இல்லை பலகையும் இல்லை, ஒரு எரிபொருள் நிலையம் இருக்கிறது, பஸ் அந்த அறுநூறு மீற்றரை அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறது. நடத்துநர் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று கேட்கிறார், அவள் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆர்னே சொல்லியிருந்தார், அவர்கள் சொல்வதை அப்படியே சொல், கூட்டாதே, குறைக்காதே, நடுநிலை என்பது அவ்வளவுதான், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த அவளுக்கு அது சுலபமாகத்தான் இருந்தது, சுலபம் மட்டுமா, தலைக்கனமும் வந்தது, கண்காணிப்புக் குழுவின் கந்தோர் வாசலில் நின்று நாசமாய்ப் போவியள் எண்டு மண் அள்ளித் தூற்றிய கிழவியின் சாபத்தைக்கூட ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள், ஆர்னே அதையும் எழுதிக்கொண்டார், இவை பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற விலாங்குகள் என்று சந்தையில் ஒருவர் கண்காணிப்பாளர்களைத் திட்டியபோது அந்தப் பழமொழியையும் சொன்னாள், ஆர்னே வெகு நேரம் சிரித்தார், எங்கள் ஊரில் விலாங்கைப் புகையில் வாட்டிச் சாப்பிடுவோம் என்றார். இரண்டு தரப்புகள் இருந்தன. எந்தத் தரப்பு எதைச் செய்தது என்று அவள் இன்றுவரை வாய் திறப்பதில்லை, பாதி பயம், பாதி பழகிப்போய்விட்டது, அதுவும் போக ஆட்களை மறித்துக் கொண்டுபோகிற காரியத்தை இரண்டு தரப்பும்தான் செய்தன, ஆகவே குற்றம் சாட்டப்பட்ட தரப்பு என்றே சொல்வாள், படிவத்திலும் அப்படித்தான் இருந்தது. அந்தப் படிவத்தில் முறைப்பாட்டுக்காரரின் பெயருக்கு ஒரு கட்டம், சாட்சிகளின் பெயருக்கும் முகவரிக்கும் ஒரு கட்டம், நிரப்பி முடித்தால் ஏழு நாட்களுக்குள் ஒரு பிரதி குற்றம் சாட்டப்பட்ட தரப்புக்குப் போக வேண்டும், யார் தன்னைக் குற்றம் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எவருக்கும் உரிமை உண்டு, அதுதான் நியாயம் என்பார் ஆர்னே, அவர் ஊரில் அது நியாயம்தான், அங்கே நீதிமன்றம் இருந்தது. அவள் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை, பேசுவது அவள் வேலையும் இல்லை.

சிவபாக்கியம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற அவளுடைய மகன் லோகநாதனை வழியில் மறித்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்று, போர்நிறுத்தம் வந்து ஒரு வருடம் ஆன பிறகும், கோயிலுக்குப் போன வழியில், பெட்டிகளோடு. கண்டது யார் என்று ஆர்னே கேட்டார், பெட்டிகளை ஏற்றிப்போன ட்ரக்டர்காரர் தருமகுலசிங்கம் கண்டவர் என்றாள், மறுநாள் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டும் வந்துவிட்டாள், நாற்பது வயதிருக்கும், காலில் வயல் சேறு காய்ந்திருக்கிறது, கதிரையின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார், எப்போது எழும்பலாம் என்று பார்க்கிறவர் மாதிரி, கண்டதை எல்லாம் ஒழுங்காகச் சொன்னார், எத்தனை பேர், என்ன உடுப்பு, எந்தப் பக்கம் திரும்பினார்கள், சொல்லி முடித்துவிட்டு ஆர்னேயைப் பார்க்காமல் நிரஞ்சலாவைப் பார்த்தார், பிள்ளை, என்ர பேரை மட்டும் எழுதாதையுங்கோ, கண்டவன் ஒருத்தன் எண்டு போடுங்கோ, எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். அவள் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள், ஒரு சொல் குறையவில்லை, இரண்டு பெண் பிள்ளைகள் உட்பட, ஆர்னே இல்லை என்று தலையசைத்தார், மனம் வருந்தித்தான் அசைத்தார், பெயர் இல்லாமல் ஏற்க முடியாது, பெயரில்லாத முறைப்பாடு வதந்தி என்று தள்ளிவிடுவார்கள் என்றார். பேர் இல்லாட்டி எடுக்க மாட்டினமாம் அண்ணை என்று அவள் தமிழில் சொன்னாள், தருமகுலசிங்கம் எழும்பிவிட்டார், சிவபாக்கியம் அவருடைய காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள், அழவில்லை, அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள், அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அப்போதுதான் நிரஞ்சலா சொன்னாள், இது வெளிநாட்டுக்காரரின்ர கந்தோர் அண்ணை, ஒண்டும் நடக்காது, பயப்பிடாதையுங்கோ. அதை ஆர்னே சொல்லவில்லை, எவரும் சொல்லவில்லை, அந்த ஒரு வருடத்தில் அவளாகக் கூட்டிச் சொன்னது அது ஒன்றுதான், ஏன் சொன்னாள் என்று எத்தனையோ தடவை தன்னையே கேட்டிருக்கிறாள், சிவபாக்கியத்தின் மேல் இரக்கம் என்று சொல்லிக்கொள்வாள், அது பொய்யல்ல, ஆனால் அது மட்டும் அல்ல, அந்தக் கந்தோரையும் வெள்ளை வாகனத்தையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் அவளே நம்பியிருந்தாள். தருமகுலசிங்கம் அவளுடைய முகத்தைப் பார்த்தபடி மறுபடி உட்கார்ந்தார், பெயர் சொன்னார், ஊர் சொன்னார், ட்ரக்டர் இலக்கத்தையும் சொன்னார், அவள் எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்தாள்.

பிறகுதான் அந்த அறுநூறு மீற்றர், மடியில் உறை, அந்தத் தரப்பின் தொடர்பு அலுவலகத்தில் இவர்களை மரியாதையாக உட்காரவைத்தார்கள், சோடா உடைத்துக் கொடுத்தார்கள், பொறுப்பாக இருந்தவர் வடிவாகத் தலை வாரியிருந்தார், பிரதியை எடுத்து வாசித்தார், பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார், சாட்சிகள் என்ற கட்டத்தில் பேனா நின்றது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மூடியைப் போட்டு மூடிவிட்டு விசுக்கோத்துத் தட்டை அவள் பக்கம் தள்ளினார், எடுங்கோ தங்கச்சி என்றார், அவள் எடுத்தாள், தின்றாள், இதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, அந்தப் பேனா நின்றதைக் கண்டுகொண்டே தின்றாள். திரும்பி வரும்போது ஆர்னேயிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம், அவர் அந்தப் புளியமரங்களைக் காட்டி இது என்ன பழம் என்று கேட்டார், அவள் புளியைப் பற்றிச் சொன்னாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது, அப்படி ஒரு சம்பவம் நடக்கவில்லை, லோகநாதன் என்று எவரையும் தெரியாது என்று மூன்று வரி, பதினோராம் நாள் குளத்தடியில் தருமகுலசிங்கத்தின் ட்ரக்டர் தனியாக நின்றது, பூட்டாத ட்ரக்டர், இருக்கையில் அவர் தோளில் போடுகிற துவாய்.

அவருடைய மனைவி இந்திராணி வந்திருக்கிறாள், அதே கதிரை, அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், இனி அவசரமாக எழும்பிப் போக எதுவும் இல்லை, பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்கிறாள், குரல் உயரவில்லை, சத்தம் போட்டிருந்தால் நிரஞ்சலாவுக்கு நன்றாக இருந்திருக்கும், ஆர்னே படிவத்தை விரித்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்கிறார், இந்திராணியைப் பார்க்காமல் தாளையே பார்க்கிறார், அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், இருந்தாலும் கேள்விகள் வரிசைப்படிதான் வருகின்றன, பெயர், வயது, கடைசியாகக் கண்ட நாள், கொண்டுபோனதைக் கண்டவர்கள் உண்டா. கண்டவை இருப்பினம், இனி ஆர் சொல்லுவினம் என்கிறாள் இந்திராணி, நிரஞ்சலா அதை ஆங்கிலத்தில் சொல்கிறாள், அப்படியானால் இதைப் பற்றி ஏதாவது தெரிந்தவர் யாராவது உண்டா என்கிறார் ஆர்னே, நிரஞ்சலா அதைத் தமிழில் சொல்கிறாள், இந்திராணி முதல் தடவையாக அவளை நேராகப் பார்க்கிறாள். இருக்கினம்தானே என்கிறாள். அண்டைக்கு வீட்டை வந்து சாப்பிடேக்க இவர் சொன்னவர், அங்க ஒரு பிள்ளை இருக்குது, ஒண்டும் நடக்காதெண்டு அந்தப் பிள்ளை சொன்னது, அதை நம்பித்தான் பேர் குடுத்தனான், நீ பயப்பிடாதை எண்டு. நீங்கள்தானே அந்தப் பிள்ளை. என்ர மனுசன்ர பேர் ஆர் கேட்டு, ஆர் எழுதி, ஆரிட்டைக் கொண்டுபோய்க் குடுத்தது எண்டு உங்களுக்குத்தான் முழுக்கத் தெரியும். சாட்சிக்கு உங்கட பேரைப் போடுங்கோ.

ஆர்னே நிமிர்ந்து பார்த்தார், என்ன சொல்கிறார் என்று கேட்டார். மின்விசிறி சுற்றுகிறது, அன்றும் சுற்றியது, கணினித் திரையில் அந்தக் கட்டம் வெறுமையாகத் திறந்திருக்கிறது, அதில் எழுதுகிற பெயர் ஏழு நாளில் எங்கே போகும், எந்தப் பேனா அதன்மேல் நிற்கும் என்று அந்த அறையில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும், அம்மாவின் முகம் வந்தது, தம்பியின் முகம் வந்தது, எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் என்ற அந்தக் குரல் வந்தது, அப்படியே சொல், கூட்டாதே, குறைக்காதே, அவள் பயந்தாள், உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான், பயந்தாள். சாட்சி என்று ஒருவரும் இல்லை என்கிறார், ஆங்கிலத்தில் சொன்னாள், குரல் பிசகவில்லை. ஆர்னே பெருமூச்சு விட்டுத் தலையசைத்தார். அவள் அந்தக் கட்டத்தில் இல்லை என்று தட்டச்சு செய்து, அச்செடுத்து, ஆங்கிலத்தில் இருந்த தாளை இந்திராணியின் முன்னால் வைத்தாள், கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள், இந்திராணி பேனாவை வாங்கிக்கொண்டாள், தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள், போட்டிட்டியளோ பிள்ளை என்று கேட்டாள்.

ஓம் அக்கா, போட்டிட்டன் என்றாள் நிரஞ்சலா.