எண்பது வரைக்கும்

அலாரம் திடீரென்று அலறியது.

கையுறைத் தொழிற்சாலையின் மாடி அறையில் இருந்தவர்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுக் கதவைப் பார்த்து ஓடினார்கள். அந்த வருடம் அறுபதைத் தொடும் தொழிலாளர்களுக்கு ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்த சுரேன், கையில் மைக்கோடு ஓடினான்.

பெர்னடெட் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அவள் முன்னால் ஒரு தாள் கிடந்தது. இ.பி.எஃப். சேமிப்பில் இருக்கும் பணம் தொண்ணூற்று மூவாயிரம் மலேசிய வெள்ளி. அறுபதிலிருந்து எண்பது வரைக்கும் இருபது வருடம். வகுத்தால் மாதத்துக்கு முந்நூற்று எண்பத்தேழு. ஈப்போ புந்தோங்கில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு வாடகையே முந்நூற்று ஐம்பது.

மிச்சம் முப்பத்தேழு வெள்ளி. அதில் சாப்பாடு, மருந்து, கரண்டு, தண்ணீர், பஸ்.

பயமாக இல்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. கன்னம் இருக்கிறது என்று தெரியும். தன்னுடையது என்று தோன்றாது.

கதவு மறுபடி திறந்தது. போர்க்லிப்ட் ஓட்டும் சீனி மூச்சிரைக்க உள்ளே வந்தான். இருபத்தெட்டு வருடமாக ஒரே தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்கிறவன்.

"என்னாக்கா, பெல்லு அடிக்குது, நீ பாட்டுக்கு உக்காந்திருக்க? காது கேக்கலியா?"

"கேட்டுச்சு."

"அப்ப எந்திரிலா! கருகிப் போயிட்டா கணக்கே தேவையில்ல. கம்பெனிக்கு ரொம்ப லாபம்."

அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நிதானமாக இறங்கினாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் வெயிலில் நின்றார்கள். தீ ஒன்றும் இல்லை. பேன்ட்ரியில் யாரோ ரொட்டியைக் கருக விட்டிருந்தார்கள்.

சுரேன் ஒவ்வொருவராகப் பார்த்துக் கையிலிருந்த அட்டையில் குறித்துக்கொண்டு வந்தான். முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரோட திட்டத்தையும் நான் மேல குடுக்கணும். மாசா மாசம் எவ்வளவு எடுக்கப் போறீங்க, எத்தன வயசு வரைக்கும்னு. உங்களுக்கு எண்பது வரைக்கும் போட்டேன். சரியா?"

"எந்த எண்பது தம்பி?"

"எந்த எண்பதா? எண்பது ஒண்ணுதானே இருக்கு?"

"ஐ.சி. கார்டுல அறுவது. நெஜமா எனக்கு அம்பத்தெட்டுதான்."

சீனி திரும்பிப் பார்த்தான். "என்னாது? அப்ப நீ எனக்குச் சின்னவளா? இத்தன வருசமா அக்கா அக்கான்னு கூப்பிட வெச்சிட்டியே! அந்த மரியாதைய எல்லாம் திருப்பிக் குடு!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெர்னடெட்டும் சிரித்தாள். பிறகு சுருக்கமாகச் சொன்னாள்.

ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தாள். அப்பா டவுனுக்குப் போய்ப் பிறப்புப் பத்திரம் எடுத்து வந்தார். குழந்தை எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. தோட்டத்து ஓரத்திலேயே புதைத்தார்கள். இறப்பை யாரும் எங்கும் பதியவில்லை. இரண்டு வருடம் கழித்து அடுத்த பெண் பிறந்தாள். டவுனுக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போகும், பஸ் காசும் போகும். வீட்டில்தான் ஒரு பத்திரம் சும்மா கிடக்கிறதே என்று அப்பா அதையே வைத்துக்கொண்டார். தோட்டத்தில் அப்படிச் செய்தவர் அவர் ஒருத்தர் மட்டும் அல்ல. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்கும் தெரியும். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

"பதினாலு வயசுல எனக்குப் பேப்பர்ல பதினாறு. உடனே பேரு போட்டு ரப்பர் பால் எடுக்க மரம் வெட்ட விட்டுட்டாங்க. அப்ப லாபமா இருந்துச்சு," என்றாள்.

சுரேன் அட்டையைக் கீழே இறக்கினான். "அக்கா, அப்ப ஐ.சி. எண்பதுல உங்களுக்கு எழுபத்தெட்டுதான். உங்க எண்பது வரைக்கும்னா இருவத்திரண்டு வருசம். மாசம் முந்நூத்தி அம்பத்திரண்டுதான் வரும்."

"வாடகைக்குச் சரியா இருக்கு," என்றான் சீனி. "சாப்பாட்டுக்குக் கோயில் பக்கம் போயிடலாம். எங்க கோயிலுக்கும் வா, வேணான்னு சொல்ல மாட்டாங்க."

"டிவிடெண்டு வரும்ல?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"வரும். அத விலவாசி தின்னுடும். அதனாலதான் ரெண்டையும் விட்டுட்டுக் கணக்குப் போடச் சொல்றேன்." சுரேன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா வேற வழி இருக்கு. உங்க வயசு அம்பத்தெட்டுன்னு நிரூபிச்சா, இன்னும் ரெண்டு வருசம் நீங்க வேலையில இருக்கலாம். சேமிப்பு லட்சத்தத் தாண்டும். அந்த ரெண்டு வருசம் எடுக்கவும் வேணாம். அப்புறம் மாசம் நானூத்தி இருவத்தெட்டு எடுக்கலாம்."

எழுபத்தாறு வெள்ளி வித்தியாசம். பெர்னடெட் அதை மனதில் வைத்துப் பார்த்தாள். அரிசி, எண்ணெய், இரத்த அழுத்த மாத்திரை. கணவர் போய் ஆறு வருடமாகிறது. அவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்தது போகத்தான் இந்தத் தொண்ணூற்று மூவாயிரம். பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடச் சம்பளம் என்பது அவளுக்கு வெறும் இரண்டு வருடம் அல்ல.

"எப்படி நிரூபிக்கிறது?"

"மூத்தவங்க யாராச்சும் சத்தியப்பிரமாணம் எழுதிக் குடுக்கணும். அத வெச்சுப் பதிவு ஆபீசுல மனு போடணும். மனு போட்டதுக்கு ரசீது காட்டுனா, மேனேஜர்கிட்ட நான் பேசுறேன்."

வீட்டுக்குப் போகும்போது சீனி தன் பழைய காரில் அவளை ஏற்றிக்கொண்டான். மேரு சாலை நெரிசலில் கார் ஊர்ந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"இன்னும் என்னா அக்கா?"

"வாய் பழகிப் போச்சு, விடு. நீ போயி, இந்த சூராட் பெரானாக், இந்தப் பொறப்புப் பத்திரம், எங்க அக்காவோடது, அது செத்துப் போச்சுன்னு சொல்லுவ. சரி. அவன் ஐ.சி.ய வாங்கி வெச்சுக்கிட்டு, இது செத்தவளோடதுன்னா நீ யாருன்னு கேட்டா?"

"நான்தான்னு சொல்லுவேன்."

"நான்தான்னா யாரு? உனக்குன்னு பத்திரம் எங்க? எங்க சித்தி மவன் பொறந்த பேப்பர் இல்லாம நாப்பது வயசு வரைக்கும் குடியுரிமை இல்லாத செவப்பு ஐ.சி.யோட அலஞ்சான். பேங்குல கணக்குத் தொறக்க முடியல. கல்யாணத்தப் பதிய முடியல. ரெண்டு வருச சம்பளத்துக்கு ஆசப்பட்டு இருக்கறதையும் விட்டுடாத."

அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது. இரவு சோறு வடிக்கும்போதும் அதைத்தான் யோசித்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் ஆயர் தாவாரில் இருக்கும் அண்ணன் சூசைநாதனுக்குப் போன் போட்டாள். அந்த வீட்டில் மிச்சம் இருக்கும் ஒரே மூத்தவர் அவர்தான். செம்பனைத் தோட்டத்தில் காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். எழுபதைத் தாண்டியாயிற்று.

"வாரேன்மா," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை இருவரும் ஈப்போ பழைய டவுனில், கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஆபீசின் முன்னால் நின்றார்கள். கீழே காப்பிக்கடை, மேலே சத்தியப்பிரமாணம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். முழங்கால் வலியோடு படி ஏறினார்.

"உனக்கு இவ்வளவு தூரம் கஷ்டம், அண்ணே."

"எனக்கு என்னா கஷ்டம்? பஸ்ஸு ஓட்டுனவன்தான் கஷ்டப்பட்டான். நான் தூங்கிட்டு வந்தேன்."

உள்ளே தினேஸ்வரி என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். அவள் தட்டிக் கொடுத்தால், பக்கத்து அறையில் இருக்கும் சத்தியப்பிரமாண ஆணையர் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி முத்திரை வைப்பார். தினேஸ்வரி சுறுசுறுப்பானவள். அண்ணனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கதை முழுவதையும் கேட்டாள். முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை.

"இந்த மாதிரி நெறய பேர் வாராங்க அங்கிள். கவலப்படாதீங்க. ஒவ்வொண்ணா சொல்லுங்க. மொத கொழந்த பேரு?"

"பெர்னடெட்."

"பொறந்த வருசம் பத்திரத்துல இருக்கு. எறந்தது?"

"எட்டு மாசத்துல. நான்தான் மண்வெட்டி தூக்கிட்டு அப்பாகூடப் போனேன். எனக்குப் பத்து வயசு."

விசைகள் தடதடவென்று ஓடின. பெர்னடெட் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இறக்கை கொஞ்சம் வளைந்திருந்தது.

"ரெண்டாவது கொழந்த, அதாவது இவங்க. பொறந்த தேதி தெரியுமா?"

"மழக்காலம். கிறிஸ்மஸ்ஸுக்கு முன்ன."

"சரி, டிசம்பர்னு போடுறேன். இவங்களுக்கு வெச்ச பேரு?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"அதான்மா. பெர்னடெட்."

"அது மொத கொழந்தயோட பேரு, அங்கிள். அத எறந்தவங்கன்னு மேல போட்டாச்சு. இவங்களுக்குன்னு தனியா என்ன பேரு வெச்சீங்க? அந்த எடத்த காலியா விட முடியாது."

"பத்திரத்துல இருந்த பேரையே வெச்சுட்டோம்."

"ஞானஸ்நானத்துல?"

அண்ணன் தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சித்தியவான்லேர்ந்து சாமியார் மாசத்துக்கு ஒரு தடவ வருவாரு. இவள தூக்கிட்டுப் போனப்ப பேரு கேட்டாரு. பெர்னடெட்டுன்னு சொன்னோம். புஸ்தகத்தப் பாத்துட்டு, இந்தக் கொழந்தைக்கு ஏற்கனவே குடுத்தாச்சேன்னாரு. உண்மையச் சொன்னா பத்திரம் போயிடும்னு அப்பாவுக்குப் பயம். ஆமா சாமி, மறந்துட்டேன்னு சொல்லித் திரும்பிட்டாரு. இவளுக்கு ஞானஸ்நானம் குடுக்கவே இல்ல."

இது பெர்னடெட்டுக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு வருடத்தில் இன்றுதான் கேட்கிறாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். கணவரின் கையைப் பிடித்தது பீடத்துக்கு முன்னால். உள்ளே எதுவாவது உடையும் என்று எதிர்பார்த்தாள். உடையவில்லை. மின்விசிறி சுற்றியது.

தினேஸ்வரியின் விரல்கள் நின்றுவிட்டன. "வீட்டுல செல்லமா எதாச்சும் கூப்பிடுவீங்கல்ல?"

"பாப்பான்னு கூப்பிடுவோம்."

"அது எல்லாரையும்தானே அங்கிள் கூப்பிடுவாங்க. இப்ப ஒரு பேரு சொன்னாக்கூடப் போடலாம். ஆனா அதுக்கு எதாவது ஆதாரம் கேப்பாங்க. ஆண்ட்டி, நீங்க சொல்லுங்க. என்ன செய்யலாம்?"

பெர்னடெட் திரையைப் பார்த்தாள். மலாயில் இருந்த வரிகளில் அவளுடைய பெயர் ஒரு இடத்தில் இருந்தது. அந்த வரியில் இருந்தவள் எட்டு மாதத்தில் இறந்திருந்தாள். அடுத்த வரியில் கர்சர் மின்னி மின்னி நின்றது.

"அழிச்சிடும்மா," என்றாள்.

"ஆண்ட்டி, யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. அழிச்சிடு. காசு எவ்வளவு?"

"முத்திர வைக்காததுக்கு எதுக்கு ஆண்ட்டி காசு?"

கீழே காப்பிக்கடையில் அண்ணனுக்கு ரொட்டியும் பால் சேர்க்காத தே ஓவும் வாங்கிக் கொடுத்தாள். அவர் ரொட்டியை நனைத்து நனைத்துச் சாப்பிட்டார். நடுவில் நிறுத்திவிட்டு, "எனக்காவது தோணியிருக்கணும், ஒரு பேரு வைக்க," என்றார்.

"உனக்கு அப்ப பன்னெண்டு வயசு. சாப்பிடு. ஆறிப் போவுது."

கைப்பேசி அடித்தது. சுரேன்.

"அக்கா, நாளைக்குக் குடுக்கணும். சத்தியப்பிரமாணம் எழுதியாச்சா?"

"இல்ல தம்பி. அத விட்டுட்டேன். இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் ஓசை கேட்டது.

"சரிக்கா. அப்ப இருவத்திரண்டு வருசத்துக்குப் பிரிச்சுப் போடுறேன். கொஞ்சம் கொறயும். ஆனா பாதுகாப்பு."

"வேணாம். இருவது வருசமே போடு. ஐ.சி.ல எண்பது ஆவுற வரைக்கும்."

"அப்ப உங்களுக்கு எழுபத்தெட்டுதானேக்கா ஆயிருக்கும்? அதுக்கு மேல என்னா செய்வீங்க?"

"அதுக்கு மேல நான் யாரு பேருல தம்பி உசுரோட இருக்கறது?"