துடைத்த தோடை

அந்த இத்தாலிய நகரின் துறைமுகப் பக்கம் பழைய உலோகம் உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அது கக்கும் புகை போர்கோ வெக்கியோ குடியிருப்பில் காயப்போட்ட உடுப்பு, வெட்டி வைத்த தக்காளி, மனிசரின் மூக்கு என்று ஒன்றையும் விடாது. இராசரத்தினம் காலையில் காறித் துப்பினால் சளி கறுப்பாக விழும். அதை அவர் பொறுத்துக்கொள்வார். மனைவி ஞானம்பிகை படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் குந்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து மர்த்தீனா என்றொரு பெண் வந்தாள். முற்றத்தில் நின்ற ஆளுயரத் தோடை, அதாவது ஆரஞ்சு மரத்தின் இலைகளைப் பிடுங்கிப்போய், அதில் படிந்திருக்கும் தூசியில் என்ன உலோகம் என்று பார்ப்பாளாம். பட்டறைத் தூசிதான் என்று தெரிந்தால் நகரசபை அதை மூடச் சொல்லுமாம். மழையில்லாததால் தூசி நன்றாகப் படிந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனாள்.

"மனிசர் இருமுறது இவையின்ரை காதிலை விழேல்லை, இலைதான் சாட்சி சொல்ல வேணுமாம்," என்று இராசரத்தினம் இளித்தார். "பட்டறைக்காரன் இவளுக்கும் ஏதும் குடுத்திருப்பான்."

"உங்கடை வாயிலை நல்லதே வராதோ? பாவம், நல்ல பிள்ளை."

வெள்ளிக்கிழமை காலை அவர் கதவைத் திறந்தபோது தோடை மரம் பளபளவென்று நின்றது. கீழே வாளி, அதற்குள் தார்போலச் சவர்க்காரத் தண்ணீர். ஞானம்பிகை கதிரையில் ஏறி நின்று உச்சி இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலமெல்லாம் இத்தாலிய எசமானிகளான சிஞ்ஞோராக்களின் வீடு துடைத்த கை அது.

"என்னடியப்பா செய்து வைச்சிருக்கிறாய்?"

"யூனிவர்சிற்றி டொத்தொரெஸ்ஸா வாறா. ஊத்தை இலையைக் குடுக்கிறதே? தமிழற்றை வீட்டு முற்றம் இப்பிடித்தான் எண்டு நினைப்பா."

"ஊத்தையைப் பாக்கத்தானடி அவள் வாறாள்!"

ஞானம்பிகையின் முகம் செத்துப்போனது. "ஐயோ, சொல்லிப்போடாதேங்கோ. வெக்கம்."

சொல்லாவிட்டால் இந்தச் சுத்தமான இலையைக் கொண்டுபோய், காற்றும் சுத்தம் என்று எழுதிவிடுவார்கள். மர்த்தீனா வந்ததும் இராசரத்தினம் வாளியைத் தூக்கி அவள் காலடியில் வைத்து, தன் ஓட்டை இத்தாலியனில் நடந்ததைச் சொன்னார்.

வாளித் தண்ணீர் உதவாது என்றாள் அவள். துணியின் ஊத்தையும் சவர்க்காரமும் அதில் கலந்துவிட்டன. அக்கம்பக்கத்தில் வேறு மரமும் இல்லை. இலையில் தூசி மறுபடி படியட்டும், சில கிழமை கழித்து வருகிறேன் என்றாள்.

"அதுவரைக்கும் இவள் என்னத்தை மூச்செடுக்கிறது?"

மர்த்தீனா ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் புகை வந்தது. அன்றாடம் அதைத் தூஷணத்தால் திட்டுகிற மனிதர், அன்று ஓர் இலையைத் தடவி விரலைப் பார்த்தார். மெல்லிய கறுப்பு. படியுது, நல்லாய்ப் படியட்டும் என்று நினைத்த அதே கணத்தில் உள்ளே அவள் இருமினாள்.

அவர் விரலை உடுத்திருந்த சாரத்தில் தேய்த்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தப் போனார்.